நிலைத்து நிற்கும் நிலைகள்



இல்லத்தைப் புதுப்பிக்க முற்படும் குடும்பங்கள் தலைவாசலுக்குத் தரும் கவனத்தில் கால் பங்கைக்கூட உள்ளறைக் கதவுகளுக்குத் தருவதில்லை. தலைவாசல் நிலைக்குத் தேக்கா, வேங்கையா என்று வாரக்கணக்கில் ஆலோசிக்கிறோம். உறவினர்களைக் கலந்து பேசுகிறோம். மரவாடி மரவாடியாக ஏறி இறங்குகிறோம். உள்ளறைகளுக்கோ, "மேஸ்திரி பார்த்துப் போடட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் நாள்தோறும் மிகுதியாகத் திறந்து மூடப்படுவது தலைவாசல் கதவன்று, குளியலறைக் கதவே. ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வருவோர் கடந்து செல்வதும் அந்த வாசலைத்தான்.

உள்கதவு செவ்வனே மூடுவது வெறும் வசதிக்காக மட்டுமன்று. வைகறைத் தொழுகைக்கு முன்பும், நண்பகல் ஓய்வின்போதும், இஷாவுக்குப் பின்பும் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டும் என்னும் ஒழுக்கத்தைத் திருமறையின் 24-ஆவது அத்தியாயமான ஸூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. மாமனார், மாமியார், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று கூடி வாழும் இல்லத்தில், ஐப்பசி மழையில் உப்பிப்போய்ப் பாதியில் நின்றுவிடும் கதவை வைத்துக்கொண்டு இவ்வொழுக்கத்தை எவ்வாறு பேணுவது? கதவு கோணிப்போயிற்று என்கிறோம். பெரும்பாலும் கோணியது கதவன்று. அதைத் தாங்கும் நிலைதான். ஆகவே, நிலைக்குரிய பொருளைத் தெரிவு செய்வது பற்றிச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

ஆலங்காட்டில் ஆல மரத்து நிலை இல்லை

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்தது திருவாலங்காடு. ஆல மரங்கள் அடர்ந்த காடு என்பதே பெயரின் பொருள். வடமொழியில் வடாரண்யம் என்பதும் அதுவே. காட்டின் பெயரையே தாங்கிய ஊராயினும், ஆல மரத்தால் நிலை செய்யத் தச்சர் எவரும் முன்வரமாட்டார். அதன் அடிமரம் மென்மையானது.  அதன் விழுதோ அடிமரத்தைவிட உறுதியானது. கூடாரக் கம்பாகவும் வண்டி நுகமாகவும் பயன்பட்டு வந்தது. ஒரே மரத்திலேயே ஒரு பகுதி ஒரு வேலைக்கு ஆகும். மற்றொரு பகுதி ஆகாது. எந்த மரம் உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்கவேண்டும் என்னும் பாடத்தை ஊரின் பெயரே நமக்குச் சொல்லித் தருகிறது.

இக்கட்டுரை வலியுறுத்த விழைவதும் அதுவே. வீடு முழுமைக்கும் ஒரே பொருள் என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வாசலாகச் சென்று, அந்த நிலையின் கால் எதில் நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். பொருளைத் தீர்மானிக்கவேண்டியது அந்த இடமே.

நிலையின் பகைவர் மூவர்

முதற்பகைவன் ஈரம். மரத்தைத் தண்ணீர் மேலிருந்து நனைப்பதைவிடக் கீழிருந்து ஏறுவதே மிகுதியான தீங்கைச் செய்கிறது. நிலைக்காலின் அடிமுனையில் மரத்தின் நுண்குழாய்கள் திறந்த வாயோடு இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அவை நீரை உறிஞ்சி மேலேற்றுகின்றன. நிலைக்காலை இரண்டு அங்குலம் தரைக்குள் புதைத்துக் காரை பூசும் பழைய வழக்கம் உறுதிக்காக ஏற்பட்டது. ஆனால் தரையை நாள்தோறும் கழுவும் வீட்டில் அப்புதைந்த பகுதி உலர்வதே இல்லை. உளுத்துப்போன நிலைகளில் பெரும்பாலானவை அடியிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் கெட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இரண்டாம் பகைவன் கரையான். வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் இது. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்திருப்பதும் திருவாலங்காட்டில்தான். நட்ட கரும்புக் கரணையையே அரிக்கும் கரையானுக்கு வீட்டு நிலை எம்மாத்திரம்? மண்ணிலிருந்து சுவரின் வெடிப்பு வழியாக ஏறும் கரையான், பூச்சுக்கு உட்புறமாக நிலையின் முதுகை வந்தடைகிறது. வண்ணம் பூசிய முன்பக்கம் பளபளவென்று இருக்க, பின்பக்கம் கூடாகிவிடும்.

மூன்றாம் பகைவன் மரத்தின் சொந்த அசைவு. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும். வறண்ட காலத்தில் அதை விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் ஏறக்குறைய இல்லை. அகலவாக்கிலும் கனவாக்கிலும்தான் நிகழ்கிறது. பக்கத்திலுள்ள திருத்தணியில் கோடையின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அதே வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் நனைத்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் இடையே ஆண்டுதோறும் மரம் சுருங்கி விரிகிறது. நன்கு உலராத மரமானால் சுருங்குவதோடு நில்லாது முறுக்கிக்கொள்ளவும் செய்யும்.

மரங்களில் எது?

தேக்கின் பெருமைக்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. அதில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. ஈரத்தில் அது விரிவதும் சுருங்குவதும் பிற மரங்களைவிடக் குறைவு. ஆனால் இப்பண்புகள் அனைத்தும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கே உரியவை. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதிக்கு இவை பொருந்தா. இளம் தேக்கை அறுத்து, பாதி வெள்ளையும் பாதி வைரமுமான சட்டத்தைத் "தேக்கு" என்ற பெயரில் வாங்குவோர், தேக்கின் விலையைக் கொடுத்துச் சாதாரண மரத்தை வாங்குகிறார்கள். வெள்ளைத் தேக்கைவிட வைரம் பாய்ந்த வேம்பு எத்தனையோ மேல்.

தேக்கு ஏன் இத்தனை அரிதாயிற்று என்பதையும் அறிந்துகொள்வது நலம். 1996 டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, நாட்டின் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. பர்மாத் தேக்கின் தாயகமான மியான்மர், 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திற்று. ஆகவே நம் கடைகளில் இறக்குமதித் தேக்கு பலவும் பிற நாடுகளின் தோட்டங்களிலிருந்து வருகின்றது. "ஆப்பிரிக்கத் தேக்கு" என்னும் பெயரில் அங்குள்ள தோட்டங்களில் வளர்ந்த உண்மைத் தேக்கும் விற்கப்படுகிறது. ஐரோக்கோ முதலிய வேற்றினங்களும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. இவை கெட்ட மரங்கள் அல்ல. ஆயினும் பெயரை நம்பி விலை கொடுக்காமல், மரத்தைப் பார்த்து விலை கொடுக்கவேண்டும்.

வேம்பு நம் மண்ணின் மரம். கசப்புத் தன்மையால் அதன் வைரப் பகுதியைக் கரையான் விரும்புவதில்லை. விலையும் தேக்கைவிட மிகக் குறைவு. அதன் குறை, உலராமல் அறுத்துச் செய்தால் வெடித்து முறுக்கிக்கொள்வதாகும். நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் இழைப்பதற்கும் உழைப்பு மிகுதி. சொந்தத் தோட்டத்தில் முற்றிய வேம்பு உள்ளோர், வீட்டு வேலை தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே அதை அறுத்து, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி உலர்த்திக்கொள்வது அறிவுடைமை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரத்தொழிலில் வழங்கும் ஒரு பழங்கணக்கு. நம் நாட்டு வெப்பத்தில் அதற்கு முன்பே உலர்ந்துவிடும். சூளையில் உலர்த்தினால் சில வாரங்களே போதும்.

வேங்கையும் கோங்கும் உறுதியில் குறைந்தவை அல்ல. நிலைக்கு மிகவும் ஏற்றவை. வேங்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. அது நனைந்தால் அதன் சாயம் இறங்கிச் சுவரில் மஞ்சட்கறை படியும். ஆகவே ஈரச்சுவரை ஒட்டி அதை வைக்கலாகாது. பலாவும் பூவரசும் உலர்ந்த அறைகளுக்குப் பயன்படும். ரப்பர் மரம் மருந்தேற்றிப் பதப்படுத்தப்பட்டிருந்தால் மட்டுமே வீட்டுக்குள் வரலாம். அப்போதும் ஈரம் படும் இடத்துக்கு உதவாது.

எம்மரமாயினும் மரவாடியில் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். சட்டத்தின் முனையைப் பார்த்து வெள்ளைப் பகுதி எவ்வளவு என்று அளவிடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்து நேராக உள்ளதா என்று காணுங்கள். தட்டிப்பாருங்கள், நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த மரம் பொத்தென்று ஒலிக்கும். நான்காவதாக, ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்தின் உலர்ந்த எடையில் 100-க்கு 12 முதல் 15 பங்குக்குள் ஈரம் இருந்தால் நிலைக்கு ஏற்றது.

மரம் அல்லாதவை

மரமில்லாத நிலை ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் திருவாலங்காடு இரயில் நிலையத்துக்கு ஒருமுறை வந்து தண்டவாளத்தைப் பார்க்கவேண்டும். தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இவ்வழியாகத்தான். நெடுங்காலம் தண்டவாளத்தின் அடியில் மரக்கட்டைகளே கிடந்தன. இன்றோ கான்கிரீட் கட்டைகள் அத்தனை இரயில்களையும் தாங்குகின்றன. மத்தியப் பொதுப்பணித் துறையும் காடுகளைக் காக்கும் பொருட்டு 1993-இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 2020-இல்தான் அத்தடை நீங்கியது. ஒரு தலைமுறைக் காலம் அரசுக் கட்டடங்களே மரமில்லாமல் எழுந்தன என்றால், நம் குளியலறைக்கு மட்டும் மரம் எதற்கு?

சிமெண்ட் நிலை எனப்படும் வார்ப்புக் கான்கிரீட் நிலை, கரையானுக்கும் நீருக்கும் அஞ்சாது, விலையும் எளிது. அதற்கெனவே ஐ.எஸ். 6523 என்னும் இந்தியத் தர அளவு உண்டு. கீல் பொருத்தும் இடங்களை வார்க்கும்போதே குறித்துவிடவேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு. பிறகு இடம் மாற்ற முனைந்தால் விளிம்பு உடையும். கதவு வலப்புறம் திறக்கவேண்டுமா, இடப்புறமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள்.

தகட்டை மடித்துச் செய்யும் இரும்பு நிலையின் உட்குழிவைச் சிமெண்ட் கலவையால் நிரப்பிப் பொருத்தினால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அடியில் நீர் தேங்கினால் துரு ஏறும். நம் மாவட்டத்திலேயே பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். அங்குள்ள வாசகர்கள் இரும்பைத் தவிர்ப்பதே நன்று.

கருங்கல்லை அறுத்து மெருகேற்றிய கிரானைட் நிலை, குளியலறைக்கு மிகப் பொருத்தமானது. அதன் எடையைத் தாங்கும்படி பக்கச்சுவர் உறுதியாக இருக்கவேண்டும். கீல் துளையைத் தேர்ந்த கல்வேலைக்காரரே இடவேண்டும்.

அண்மைக்காலத்தில் பரவியிருப்பது மரத்தூளையும் பி.வி.சி.யையும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. நிலை. நீரில் உப்பாது, கரையான் தின்னாது, மரம்போலவே அறுக்கலாம், திருகாணி ஏற்றலாம். ஆனால் அடர்த்தி குறைந்த மலிவுச் சரக்கில் திருகாணி நாளடைவில் தளர்ந்து கதவு தொங்கிவிடும். கையில் எடுத்து எடை பாருங்கள். ஒரே அளவுள்ள இரு துண்டுகளில் கனமானதே நல்லது. பி.வி.சி. எரிந்தால் மூச்சுத் திணறச் செய்யும் அமிலப் புகை எழும். ஆதலால் அடுப்புக்கு அருகிலுள்ள வாசலுக்கு அதை வைக்காதீர்கள்.

சுவர்க் கனத்தை மூடும் உட்பலகை

ஒன்பது அங்குலச் சுவரில் நான்கு அங்குல நிலையை வைத்தால், மீதிச் சுவர் வெறும் பூச்சாகத் தெரியும். அதைப் பலகையால் மூடி, விளிம்பில் பட்டி அடித்து அழகுபடுத்தும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் உள்கதவுகளுக்குத் தடித்த நிலையே வைப்பதில்லை. சுவரின் முழு அகலத்துக்கும் ஓர் அங்குலத்தை ஒட்டிய கனமுள்ள பலகையைப் பெட்டிபோல் அமைத்து, அதிலேயே கதவை மாட்டுகிறார்கள். அதற்கு எம்.டி.எஃப். எனப்படும் மரநார் அட்டையையும் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது செல்லும். தரையை வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் அங்கில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் நம் சகோதரர்கள் அங்கே கண்டதை இங்கே அப்படியே செய்யச் சொல்லும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். எம்.டி.எஃப். ஒருமுறை நீரில் ஊறினால் பிஸ்கட்டைப் போல் உப்பிவிடும். மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பாது.

உட்பலகைக்குப் பிளைவுட் எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. ஐ.எஸ். 710 என்பது நீரைத் தாங்கும் உயர்வகை. ஈரம் அணுகக்கூடிய இடத்துக்குப் பின்னதே ஏற்றது. பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி வெளிப்படுவதுண்டு. 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திற்று. குழந்தைகள் உறங்கும் அறைக்கு, இவ்வாவி மிகக் குறைவாக வெளிப்படும் ஈ-0 அல்லது ஈ-1 வகைப் பலகையைக் கேட்டு வாங்குங்கள்.

அளவிலும் கவனம் தேவை. 2½ அடிக் குளியலறை வாசல் என்றால் 30 அங்குலம். இருபுறமும் 2½ அங்குலச் சட்டம் போக எஞ்சுவது 25 அங்குலம். ஒரு சக்கர நாற்காலியின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். பழைய நிலைக்கு உள்ளே மேலும் ஒரு பலகையை அடித்து அழகுபடுத்தினால், நாளை முதிய தாயையோ தந்தையையோ நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுசெல்ல இயலாது. அழகுக்காக அகலத்தை இழக்காதீர்கள். வாய்ப்பிருந்தால் குளியலறை வாசலையும் மூன்றடியாக்குங்கள்.

எந்த வாசலுக்கு எது?

குளியலறை, கழிவறை, ஒளூச் செய்யும் இடத்தை ஒட்டிய வாசல் ஆகியவற்றுக்கு மரம் வேண்டாம். கிரானைட், சிமெண்ட், நல்ல அடர்த்தியுள்ள டபிள்யூ.பி.சி. ஆகியவற்றுள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு மரமோ சிமெண்டோ ஏற்றது. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நன்கு உலர்ந்த வேம்பு, கோங்கு, வேங்கை ஆகியவை போதுமானவை. தேக்கு வைக்கவேண்டும் என்ற ஆசை இருந்தால், மழையும் வெயிலும் நேரே படும் தலைவாசலுக்கு வையுங்கள். அதன் ஆற்றல் முழுமையாகப் பயன்படுவது அங்கேதான்.

மரநிலையைப் பொருத்துமுன் மூன்று காரியங்களை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டும் முதுகுப் பக்கத்துக்கும் அடிமுனைக்கும் தாரோ ப்ரைமரோ இரண்டு முறை பூசவேண்டும். நிலைக்காலைத் தரைக்குள் புதைக்காமல், சிறு கல்துண்டின்மேல் நிறுத்தவேண்டும். பக்கத்துக்கு மூன்று இரும்புப் பிடிகள் சுவருக்குள் சென்று கான்கிரீட்டால் இறுக்கப்படவேண்டும். நிலை வைக்கும் நாளில் உற்றாரை அழைத்து இனிப்பு வழங்குகிறோம். முதுகில் தார் பூசியாயிற்றா என்று மட்டும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பழைய தரைமீதே ஓடு பதித்தால் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். பிறகு கதவின் அடியைச் சீவுவார்கள். சீவிய அடியை வண்ணம் பூசாமல் விட்டால் அங்கிருந்து நீர் ஏறும். அந்த அடிப்பக்கத்துக்கும் வண்ணம் பூசச் சொல்வது உங்கள் பொறுப்பு.

பழைய நிலையை வீசிவிடாதீர்கள்

புதுப்பித்தல் என்றால் இருப்பதையெல்லாம் பெயர்த்தெறிவது என்று பொருளன்று. பாட்டனார் காலத்து நிலையில் இருக்கும் மரம், இன்று பெரும்பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத முற்றிய மரமாக இருக்கக்கூடும். அது பல்லாண்டுகள் சுருங்கியும் விரிந்தும் அடங்கிய மரம், இனி முறுக்காது. திருப்புளியால் அடியிலிருந்து குத்திப் பாருங்கள். கீழே ஒரு முழம் மட்டும் இற்றிருந்தால், அதை வெட்டிவிட்டு அதே கனத்தில் புதுத்துண்டைச் சாய்வு இணைப்பாகச் சேர்க்கத் தேர்ந்த தச்சரால் இயலும். அல்லது அவ்வளவு உயரத்துக்குக் கல்லை வைத்து, மேலே பழைய மரத்தை நிறுத்தலாம்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தூளில் ஈயம் இருக்கக்கூடும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கச் செய்யுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்த அறைக்கு வெளியே வைத்திருங்கள்.

கழித்துக்கட்டிய இரயில் கட்டைகளை மலிவாக வாங்கி நிலை செய்வோரும் உண்டு. மரம் உறுதியானதுதான். ஆனால் அக்கட்டைகளுக்குக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றப்பட்டிருக்கலாம். அதன் நெடி வீட்டுக்குள் ஆகாது. தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு.

வீட்டில் கரையான் ஏற்கெனவே இருந்தால், புது நிலை வைப்பதற்கு முன் மண்ணுக்கும் சுவரடிக்கும் மருந்திடவேண்டும். ஐ.எஸ். 6313 என்னும் தர அளவின் மூன்றாம் பகுதி, கட்டி முடித்த வீடுகளில் இதைச் செய்யும் முறையைக் கூறுகிறது. உரிமம் பெற்றவர்களைக் கொண்டே செய்யுங்கள். கிணறோ நிலத்தடித் தொட்டியோ அருகில் இருந்தால் அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு சிறு கணக்கு

ஒரு வீட்டில் தலைவாசல் ஒன்று, அறை வாசல்கள் நான்கு, குளியலறை வாசல்கள் இரண்டு என்று கொள்வோம். தலைவாசல் 7 அடி உயரம், 3½ அடி அகலம். சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். இரு கால்களும் மேல்சட்டமும் சேர்ந்து 17½ அடி நீளம், 1.8 கன அடி மரம். அறை வாசல் 7 அடிக்கு 3 அடி. சட்டம் 4 அங்குலத்துக்கு 2½ அங்குலம். ஒன்றுக்கு 1.2 கன அடியாக நான்குக்கும் 4.7 கன அடி. அதே சட்டத்தில் 2½ அடி அகலமுள்ள குளியலறை வாசல்கள் இரண்டுக்கும் 2.3 கன அடி. ஆகமொத்தம் 8.8 கன அடி. அறுப்புச் சேதாரம் தனி.

எல்லாமே தேக்கு என்றால் 8.8 கன அடிக்கும் தேக்கு விலை. தலைவாசல் மட்டும் தேக்கு என்றால் 1.8 கன அடிக்கே தேக்கு விலை. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதியை வேம்பும் கல்லும் சிமெண்டும் ஏற்றுக்கொள்கின்றன. வீடு அதனால் உறுதி குறையாது. குளியலறையைப் பொறுத்தவரை உறுதி கூடவே செய்கிறது. மகளின் திருமணத்துக்கு முன் வீட்டைப் புதுப்பிக்க விரைந்து, விருந்தினர் கண்ணுக்காக வட்டிக்குக் கடன் வாங்கித் தேக்கு இழைக்கும் குடும்பங்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். இடமறியாமல் செலவிடுவதும் வீண்விரயமே.

வீடு முழுவதும் ஒரே இன மரமாக இருக்கவேண்டும் என்றும், இடித்த வீட்டு மரம் ஆகாது என்றும் சில பேச்சுகள் அக்கம்பக்கத்திலிருந்து நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்டன. இவற்றுக்கு மார்க்கத்தில் அடிப்படை எதுவுமில்லை, மரத்தொழிலிலும் இல்லை. மரத்துக்கு நன்மை தீமை ஈரத்தாலும் கரையானாலும் வருகின்றன. இனத்தின் கலப்பால் வருவதில்லை.

இறுதியாக, மேஸ்திரியிடமும் தச்சரிடமும் பேசுவதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலுக்கு எந்தப் பொருள், சட்டத்தின் அளவு என்ன, எத்தனை பிடிகள், முதுகுக்கு என்ன பூச்சு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடட்டும். அது அவநம்பிக்கையன்று, மனக்கசப்பைத் தவிர்க்கும் வழி. நல்ல வேலை செய்தவருக்குப் பேசிய கூலியை நாள் கடத்தாமல் கொடுத்துவிடுங்கள்.

இந்த வாரமே ஒரு திருப்புளியையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு, இல்லத்தின் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நிலையின் அடியைச் சோதித்துப் பாருங்கள். எது உறுதியாக இருக்கிறது, எது இற்றிருக்கிறது, எந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரவாடிக்குச் செல்லும் நாளில் அக்குறிப்பு உங்கள் கையில் இருக்குமானால், எந்த விற்பனையாளரின் சொல்லும் உங்களைத் தடுமாறச் செய்யாது, இன்ஷா அல்லாஹ்.